வீடு வாங்கியாச்சு, ஹோம்ஸ்டெட் போட்டாச்சா?

கேள்வி: அக்கா, போன மாதம் வெஸ்ட்ஃபோர்டில் வீடு வாங்கினோம். விலை 7,80,000 டாலர். அதில் 5,90,000 வங்கிக் கடன். க்ளோசிங் அன்று, அதாவது கிரயம் முடிக்கும் நாளில், கை வலிக்கும் அளவுக்குக் கையெழுத்துப் போட்டோம். கடைசியாக வக்கீல் ஒரு தாளைக் காட்டி, "ஹோம்ஸ்டெட் வேண்டுமா?" என்று கேட்டார். அதற்குத் தனியாகக் கட்டணம் என்றதும் என் கணவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று தபாலில் முத்திரை மாதிரி ஏதோ அச்சடித்த ஒரு கடிதம் வந்தது. கிட்டத்தட்ட நூறு டாலர் கட்டச் சொல்கிறது. நாங்கள் இருவரும் எச்-1பி விசாவில் இருக்கிறோம். எங்களுக்கு இது பொருந்துமா? வீடே பாதிக்கு மேல் வங்கியினுடையது. யாரிடமிருந்து எதைப் பாதுகாப்பது?
— வெஸ்ட்ஃபோர்ட், மாசசூசெட்ஸ்

பதில்: பொருந்தும். ஹோம்ஸ்டெட் என்பது, நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கடன்காரர்கள் எடுத்துக்கொள்ளாமல் காக்கும் சட்டப் பாதுகாப்பு. இந்த வாரமே போட்டுவிடுங்கள். தபாலில் வந்த கடிதத்துக்கு மட்டும் ஒரு காசும் அனுப்பாதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. மாசசூசெட்ஸில் வீடு விற்பனைப் பத்திரங்களைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் கோப்பு தயாரிக்கும் வேலை பார்க்கிறேன். உங்கள் கணவர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் மாதிரி நூற்றுக்கணக்கில் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. அப்படி ஒரு வசதி இருக்கிறது என்று கடன் வாங்குகிறவரிடம் சொல்லி, சொன்னதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். ஆனால் அது வருவது நாற்பதாவது தாளாக. அந்த நேரத்தில் எல்லோருக்கும் சாவியின் மேல்தான் கண்.

வங்கி உங்களுக்குக் கொடுத்தது 5,90,000. வீட்டின் விலையில் உங்கள் சொந்தப் பங்கு 1,90,000 டாலர். பாதுகாக்க வேண்டியது அந்தப் பங்கைத்தான். மாசசூசெட்ஸில் குடியிருக்கும் வீட்டுக்கு, எதுவும் எழுதிப் பதியாவிட்டாலும், 1,25,000 டாலர் வரை தானாகவே பாதுகாப்பு உண்டு. ஆக, இன்றைய நிலையில் உங்கள் பங்கில் 65,000 டாலர் வெளியே நிற்கிறது. தவணை கட்டக் கட்ட, வீட்டு விலை ஏற ஏற, வெளியே நிற்கிற தொகையும் வளரும். ஒரு பக்கப் படிவத்தை நிரப்பிப் பதிந்துவிட்டால் பாதுகாப்பு 10 லட்சம் டாலர் ஆகிவிடும். முன்பு இது 5 லட்சமாக இருந்தது. 2024 ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தான வீட்டுவசதிச் சட்டம்தான் அதை இரட்டிப்பாக்கியது.

யாரிடமிருந்து என்று கேட்டீர்கள். வங்கியிடமிருந்து இல்லை. அடமானக் கடனைக் கட்டாவிட்டால் ஹோம்ஸ்டெட் ஒன்றும் செய்யாது. சொத்து வரி, வருமான வரி, நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம், குழந்தைக்கான பராமரிப்புத் தொகை, மோசடி வழக்கில் வந்த தீர்ப்பு, இவற்றுக்கும் தடுப்பு கிடையாது. தடுப்பது வேறு வகைக் கடன்களை. கிரெடிட் கார்டு பாக்கி, மருத்துவமனை பில், ஒருவருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து, தொழிலில் வந்த நஷ்டம், கார் விபத்தில் காப்பீட்டுத் தொகைக்கு மேல் போய்விட்ட நஷ்டஈடு. பனி உறைந்த காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பி, சாலைச் சந்திப்பில் பிரேக் பிடிக்காமல் இன்னொரு காரில் போய் மோதுவது யாருக்கும் நடக்கலாம். அடிபட்டவர் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தால், உங்கள் கார் பாலிசியில் இருக்கும் தொகை எந்த மூலைக்கு? மிச்சத்துக்கு அவர் தரப்பு வக்கீல் முதலில் பார்ப்பது பத்திரப் பதிவகத்தில் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்றுதான்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். கூடப் படித்த நண்பர் ஒருவர் வாங்கிய கடனுக்கு அப்பாவும், பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் ஒரே பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள். நண்பர் கட்டவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. காலையில் கோர்ட் அமீனா வந்தார், கூடவே தமுக்கு அடிக்கிற ஒருவரும் வந்தார். வாசலில் தமுக்கடித்து, ஜப்தி உத்தரவைப் படித்து, கதவில் ஒட்டினார்கள். அம்மா அரிசி களைந்த பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. பெரியப்பா வீட்டு வாசலுக்கு யாரும் போகவில்லை. அவர் உழுது சாப்பிடுகிறவர். விவசாயி குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்யக்கூடாது என்று இந்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் இருக்கிறது. கூலித் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் அதே சலுகை உண்டு. கடைக்காரருக்கு இல்லை. ஒரே பத்திரம், ஒரே கடன். அவர் வீடு நின்றது, எங்கள் வீடு ஏலத்துக்குப் போனது.

இருபது வருடம் கழித்து இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, கடைக்காரர், கணினிக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல், குடியிருக்கிற எவரும் ஒரு தாளைப் பதிந்து வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சட்டப் புத்தகத்தை வாங்கி நானே படித்துப் பார்த்தேன்.

விசா விஷயம். சட்டம் குடியுரிமையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வீடு உங்களுடையதா, அதை முதன்மை வசிப்பிடமாகக் கொண்டு குடியிருக்கிறீர்களா, அல்லது குடியேறப் போகிறீர்களா, அவ்வளவுதான். படிவத்தில் எழுதுவது பொய் என்று தெரிந்தால் தண்டனைக்குரிய குற்றம் என்ற உறுதிமொழியோடுதான் கையெழுத்து. அதனால் வாடகைக்கு விட வாங்கிய வீட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். தனி வீடு, காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடு, நான்கு குடித்தனம் வரை உள்ள கட்டடத்தில் நீங்கள் ஒன்றில் இருப்பது, எல்லாம் சரி.

செய்யும் முறை சுலபம். பதிவகத்தின் இணையதளத்தில் படிவம் இலவசமாகக் கிடைக்கும். வெஸ்ட்ஃபோர்டுக்கு லோவெலில் இருக்கும் வடக்கு மிடில்செக்ஸ் பதிவகம். உங்கள் கிரயப் பத்திரம் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது என்ற எண்களை எழுத வேண்டும். க்ளோசிங் கோப்பிலேயே இருக்கும், இல்லாவிட்டால் உங்கள் பெயரைப் போட்டுத் தேடினாலும் கிடைக்கும். பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால் இருவரும் நோட்டரி முன் கையெழுத்துப் போடுங்கள். "அவர் மட்டும் போட்டால் போதாதா?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். போதாது. ஒருவர் பெயரில் மட்டும் வீடு இருந்தால், கூடக் குடியிருக்கும் கணவர் அல்லது மனைவியின் பெயரைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். நேரில் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். பதிவுக் கட்டணம் நாற்பது டாலருக்கும் குறைவு. ஒரே ஒரு முறைதான், வருடா வருடம் இல்லை.

எப்போது போட்டாலும் சரிதானே என்று தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் பதிவதற்கு முன்பே யாராவது வீட்டின் மேல் வில்லங்கம் பதிந்துவிட்டால், அந்த வில்லங்கத்துக்கு எதிராக 10 லட்சம் நிற்காது. இதில் முந்தியவருக்குத்தான் பலம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திவாலாகும் நிலை வந்து கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனால், வீடு வாங்கி 1,215 நாட்களுக்குள் என்றால் மாநிலச் சட்டம் எவ்வளவு கொடுத்தாலும் பொதுவாக 2,14,000 டாலர்தான் உச்சவரம்பு. உங்கள் பங்கு இப்போது அதற்குள் இருக்கிறது, கவலை வேண்டாம்.

அந்தத் தபால் கடிதம். கிரயம் பதிவானதும் உங்கள் பெயரும் முகவரியும் பொதுப் பதிவேட்டில் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் சில தனியார் நிறுவனங்கள் இப்படி எழுதுகின்றன. பத்திர நகல் எடுத்துத் தருகிறோம், ஹோம்ஸ்டெட் பதிந்து தருகிறோம் என்பார்கள். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் "இது அரசு அலுவலகம் அல்ல" என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். கிழித்துப் போடுங்கள்.

கூடவே கார், வீட்டுக் காப்பீட்டோடு ஒரு அம்ப்ரெல்லா பாலிசியும் எடுங்கள். அந்தக் காப்பீடுகளின் தொகைக்கு மேல் போகும் நஷ்டஈட்டை அது ஏற்கும். உங்கள் கணவர் தனியாக கன்சல்டிங் ஏதாவது செய்கிறார் என்றால் கட்டாயம் எடுங்கள். ஹோம்ஸ்டெட் வீட்டைக் காக்கும். சேமிப்பையும் சம்பளத்தையும் காக்காது.

கேள்வி: 2019-ல் ஷ்ரூஸ்பரியில் வீடு வாங்கியபோதே நானும் மனைவியும் ஹோம்ஸ்டெட் பதிந்துவிட்டோம். 2021-ல் ரீஃபைனான்ஸ் செய்தோம், அதாவது பழைய வீட்டுக் கடனை அடைத்துப் புதுக் கடன் வாங்கினோம். மறு வருடம் மதுரை வீட்டை விற்று அம்மா பணம் கொடுத்ததால் அவர் பெயரையும் பத்திரத்தில் சேர்த்தோம். அம்மாவுக்கு இப்போது 67 வயது. பழைய பதிவு செல்லுமா? அம்மாவுக்கு முதியோர் இல்லச் செலவு வந்தால் வீட்டைத் தொடுவார்களா?
— ஷ்ரூஸ்பரி, மாசசூசெட்ஸ்

பதில்: ரீஃபைனான்ஸ் செய்ததால் உங்கள் பதிவு போய்விடவில்லை. 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாக்கிவிட்டது. புது அடமானம் முன்னால் நிற்கும், ஹோம்ஸ்டெட் அதற்குப் பின்னால் அப்படியே இருக்கும். அதற்கு முந்தைய காலத்தில் ரீஃபைனான்ஸ் செய்தவர்கள் மறுபடியும் பதிந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பழைய பேச்சுதான் இன்னும் நண்பர்கள் வட்டாரத்தில் சுற்றுகிறது. 2019-ல் 5 லட்சம் என்று இருந்ததே என்றும் கவலைப்பட வேண்டாம். தொகையைச் சட்டமே உயர்த்திவிட்டது, அதற்காக மறுபடி பதிய வேண்டியதில்லை.

அம்மா விஷயம்தான் பாக்கி. அவர் பெயர் பத்திரத்தில் பின்னால் சேர்ந்தது, ஆனால் 2019 படிவத்தில் அவர் கையெழுத்து இல்லை. அதனால் அவரும் பதிய வேண்டும். 62 வயது நிறைந்தவர்களுக்குத் தனிப் படிவம் உண்டு. அதில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குக்குத் தனியாக 10 லட்சம் வரை பாதுகாப்பு. உடல் ஊனம் உள்ளவர்களுக்கும் அதே படிவம், சான்று இணைக்க வேண்டும். நீங்கள் மூவருமாக வொர்செஸ்டர் பதிவகத்துக்கு ஒரு நடை போய் முடித்துவிடுங்கள்.

முதியோர் இல்லச் செலவை மாநில அரசின் மருத்துவ உதவித் திட்டமான மாஸ்ஹெல்த் ஏற்றுக்கொண்டு, பின்னால் அதற்காக வீட்டின் மேல் உரிமை கோரினால், ஹோம்ஸ்டெட் தடுக்காது. இது வேறு கணக்கு. அம்மா நன்றாக இருக்கும்போதே முதியோர் சட்டம் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் டிரஸ்ட் எழுதச் சொன்னால், வீடு டிரஸ்ட் பெயருக்கு மாறியபின் டிரஸ்டி கையெழுத்தோடு, பயன் பெறுகிறவர்கள் பெயரைக் குறிப்பிட்டுப் புதிய ஹோம்ஸ்டெட் பதிய வேண்டும் என்பதை அவரிடம் ஞாபகப்படுத்துங்கள். டிரஸ்டை எழுதிவிட்டு இதை மறந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். பாஸ்டனில் இருக்கும் என் அண்ணி, "ஹோம்ஸ்டெட் போடாவிட்டால் வீடு போய்விடும்" என்கிறார். இங்கே பக்கத்து வீட்டுக்காரரோ அது வரிச் சலுகைதான் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் பாதி சரி. டெக்சாஸில் ஒரே பெயரில் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, கடன்காரரிடமிருந்து பாதுகாப்பு. இதற்கு டெக்சாஸில் எதையும் பதிய வேண்டாம். குடியிருந்தால் போதும், மாநில அரசியலமைப்பே காப்பாற்றுகிறது. அதுவும் விலைக்கு உச்சவரம்பு இல்லாமல். நகரத்தில் 10 ஏக்கர் வரை, கிராமப்புறத்தில் குடும்பத்துக்கு 200 ஏக்கர், தனி ஆளுக்கு 100 ஏக்கர். இந்த யோசனை பிறந்த மண்ணே அதுதான். டெக்சாஸ் தனி நாடாக இருந்தபோது, 1837-ல் வந்த பணமுடைக்குப் பிறகு, 1839 ஜனவரியில் ஒரு சட்டம் போட்டார்கள். 50 ஏக்கர் நிலம் அல்லது ஊருக்குள் ஒரு மனை, வீடு, கருவிகள், இவற்றைக் கடனுக்காகப் பிடுங்கக்கூடாது என்று. கலப்பையையும் உழவு மாட்டையும் கடனுக்கு எடுக்கக்கூடாது என்ற பழைய ஸ்பானியச் சட்ட மரபு அந்த மண்ணில் இருந்ததும் ஒரு காரணம். கும்பகோணத்துப் பெரியப்பாவைக் காப்பாற்றிய யோசனையும் இதே ஜாதிதான்.

இரண்டாவது, சொத்து வரிச் சலுகை. இதற்குத்தான் மனு போட வேண்டும். உங்கள் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில், காலின் என்றால் காலின், டென்டன் என்றால் டென்டன், இலவசமாகக் கொடுக்கலாம். ஓட்டுநர் உரிமத்தில் புது வீட்டு முகவரி இருக்க வேண்டும், முதலில் அதை மாற்றுங்கள். பள்ளி வரிக்கான கணக்கில் வீட்டு மதிப்பிலிருந்து 1,40,000 டாலர் கழியும். 2025 நவம்பரில் வாக்காளர்கள் அதை ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். வரி மதிப்பு வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாது என்ற வரம்பும் இதோடுதான் வரும். இதற்கும் காசு கேட்டுக் கடிதம் வரும். கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. டெக்சாஸ் பாதுகாப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எச்ஓஏ எனப்படும் குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கத்தின் சந்தா பாக்கிக்காக வீட்டை ஏலம் விட முடியும். புல் வெட்டவில்லை என்று ஆரம்பிக்கிற மனஸ்தாபத்தில் சந்தாவையே கட்டாமல் நிறுத்துகிறவர்கள் உண்டு. சண்டையைத் தனியாகப் போடுங்கள், சந்தாவைக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். எங்களுக்கு எங்கே பதிவது?

பதில்: எங்கும் இல்லை. நியூ ஜெர்சி சட்டத்தில் இந்தப் பாதுகாப்பே கிடையாது. பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் இல்லை. உங்கள் மாநிலத்தில் முன்பு "ஹோம்ஸ்டெட் பெனிஃபிட்" என்று ஒன்று இருந்தது, அது வெறும் வரித் திருப்பித் தொகை. இப்போது அதன் இடத்தில் ஆங்கர் என்ற சொத்து வரி நிவாரணத் திட்டம் இருக்கிறது.

உங்களுக்கு இருக்கும் கவசம் பத்திரத்தில் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் தம்பதியாகச் சேர்ந்து, முழு வீட்டுக்கும் இருவரும் உரிமையாளர் என்ற வகையில் வாங்கியிருந்தால், ஒருவர் மட்டும் பட்ட கடனுக்காக வீட்டைப் பிரித்து விற்கச் சொல்வது கடன்காரருக்குக் கடினம். இருவரும் சேர்ந்து பட்ட கடனுக்கு இது உதவாது. திவால் வழக்கு என்றால் கூட்டாட்சிச் சட்டத்தில் ஆளுக்கு 31,575 டாலர் வரை வீட்டுக்கு விலக்கு உண்டு. உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து, பெயர்களுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் வக்கீலைக் கேளுங்கள். காப்பீட்டுத் தொகையில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். உங்களுக்கு அதுதான் முதல் மதில்.

கேள்வி: ஆக்டனில் வீடு, ஹோம்ஸ்டெட் பதிந்திருக்கிறோம். அப்பாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடம் சென்னைக்குப் போகிறோம். வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம். பாதுகாப்பு இருக்குமா?

பதில்: இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். முதன்மை வசிப்பிடத்தைக் கைவிட்டால் ஹோம்ஸ்டெட் முடிந்துவிடும். நீங்கள் கைவிட்டீர்களா, தற்காலிகமாகப் போனீர்களா என்பது வழக்கு வந்தால் வாதாட வேண்டிய விஷயம். திரும்பி வரும் எண்ணத்துக்கு அடையாளங்களை வைத்துவிட்டுப் போங்கள். வாடகை ஒப்பந்தத்தில் காலத்தைக் குறிப்பிடுங்கள், ஓட்டுநர் உரிமத்தையும் வாக்காளராக இருந்தால் அந்தப் பதிவையும் விட்டுவிடாதீர்கள். குடித்தனக்காரர் படியில் வழுக்கி விழுந்தாலும் வழக்கு உங்கள் மேல்தான் வரும். அதனால் வீட்டுக் காப்பீட்டை வாடகை வீட்டுக் காப்பீடாக மாற்றிவிட்டே விமானம் ஏறுங்கள்.

ஒருவேளை அங்கேயே தங்கிவிட முடிவு செய்து விற்க வேண்டி வந்தால், வாடகைக்கு விடாமல் நீங்கள் குடியிருக்கும்போதே விற்பது நல்லது. அப்படி விற்ற பணத்துக்கு, வேறு வீடு வாங்கும் வரை, அல்லது ஒரு வருடம் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை, பாதுகாப்பு தொடரும். திரும்பி வந்தால், பெட்டிகளைப் பிரிக்கும் வாரத்திலேயே கேம்பிரிட்ஜில் இருக்கும் தெற்கு மிடில்செக்ஸ் பதிவகத்தில் புதிதாக ஒரு படிவத்தைப் பதிந்துவிடுங்கள்.